உடனிருப்பவர்

திங்கட்கிழமை காலை சாவி வந்தது. பித்தளைச் சாவி. அறை எண் எழுதிய அட்டைத் துண்டை நூலால் கட்டியிருந்தார்கள். கட்டட உரிமையாளரின் ஆள் அதை என் மேஜைமேல் வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரேடியோ அம்மாவிடம் கொடுக்கப் புறப்பட்டேன்.

அவரும் அவர் கணவரும் இருந்தது மூடிப்போன ஒரு வங்கிக் கிளையின் வாசலில். மேலே அகலமான கான்கிரீட் கூரை நீட்டிக்கொண்டிருக்கும். மூன்று படிகள் ஏறினால் வழவழப்பான தரை. ரேடியோ என்பது அந்தத் தெருக் கடைக்காரர்கள் வைத்த பெயர். ஓயாமல் பேசுவார். கணவரை எல்லாரும் லிப்ட்காரர் என்றார்கள். பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிப்ட் ஓட்டியவர். அங்கேயே மொட்டைமாடியில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஆளில்லாமல் ஓடும் புது லிப்ட் வந்ததும் வேலை போனது. வேலையோடு அறையும் போனது.

நான் ஓர் ஆய்வு மையத்தில் கள ஆய்வாளன். தெருவில் தூங்குபவர்களைப் பற்றிய ஆய்வு. குடியை விடு, வேலை தேடு, பிறகு வீடு தருகிறோம் என்றுதான் இதுவரை சொல்லிவந்திருக்கிறார்கள். அதைத் திருப்பிப்போட்டு, முதலில் ஓர் அறையைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பது. சேருபவர்களில் பாதிப் பேருக்கு அறை உண்டு. மீதிப் பேருக்கு இல்லை. யாருக்கு என்பதைக் கணினி குலுக்கிச் சொல்லும். கிடைத்தவர்கள் அறைக் குழு. கிடைக்காதவர்கள் காத்திருப்புக் குழு. இரண்டு குழுவினரிடமும் சில மாதங்களுக்கு ஒருமுறை போய் ஒரே கேள்விகளைக் கேட்போம். கடைசியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகாரிகள் முன்னால் வைப்போம். வித்தியாசம் பெரிதாக இருந்தால் எல்லாருக்கும் அறை கட்டப் பணம் ஒதுக்குவார்கள். அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவும்.

முதல் நேர்காணலுக்குப் போனபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். கையேட்டில் ஒரு விதி இருக்கிறது. தம்பதியாக இருந்தால் இருவரில் பதில் சொல்பவர்தான் பங்கேற்பாளர். மற்றவர் 'உடனிருப்பவர்'. ஒரே ஆளிடமிருந்து வரும் பதில்கள் கலங்காமல் இருக்கும் என்பதற்காகப் போட்ட விதி.

"உங்க ரெண்டு பேர்ல யார் பதில் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி கேட்டீங்க தம்பி. இவர் வாயிலேர்ந்து முத்து உதிர்றதுக்குள்ள நீங்க ரிட்டயர் ஆயிடுவீங்க. என்னையக் கேளுங்க."

லிப்ட்காரர் சிரித்தார்.

"வேலை பாத்த காலம் பூரா மூணே வார்த்தைதான் பேசியிருக்காரு. மேலயா, கீழயா, கதவு சாத்துறேன்."

"நாலு," என்றார் லிப்ட்காரர்.

"பாத்தீங்களா? தப்புக் கண்டுபிடிக்க மட்டும் வாய் வருது. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்னு கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து சொல்றேன். காதுலயே போட்டுக்கலை. நீங்க எழுதுங்க தம்பி."

எழுதினேன். பங்கேற்பாளர் ரேடியோ அம்மா. உடனிருப்பவர் லிப்ட்காரர். கேள்விகள் நிறைய. எல்லாவற்றுக்கும் பதிலும், பதிலுக்கு மேல் ஒரு கதையும் சொன்னார். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் நிறுத்தினார். கடைசியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு எப்போது தூங்கினீர்கள் என்ற கேள்வி.

"அதை விட்டுட்டு அடுத்ததக் கேளுங்க," என்றார். நடுவில் இருமினார். "ரேடியோ கரகரங்குது, ஸ்டேஷன் சரியாப் பிடிக்கலை," என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பினார். "உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு."

"பேசுவாளா?"

"பேசுவா."

அதற்குமேல் நான் சொல்லவில்லை. என் மனைவி இறந்து அப்போது ஆறேழு மாதம் ஆகியிருந்தது.

குலுக்கலில் அவர்களுக்கு அறை விழுந்தது. அதைச் சொன்ன அன்று ரேடியோ அம்மா தெருவில் ஒவ்வொரு கடையாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அறை தயாராகச் சில வாரம் ஆயிற்று. வெள்ளையடிக்க வேண்டும், குழாய் மாற்ற வேண்டும் என்றார் உரிமையாளர். அதற்குள் அம்மாவுக்கு இருமல் முற்றிவிட்டது.

திங்கட்கிழமை நான் போனபோது வாசலில் லிப்ட்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு பைகள்.

"அம்மா எங்க?"

"நேத்து சாயங்காலம் போயிட்டா தம்பி."

"ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். பெஞ்சுல உக்காரச் சொன்னாங்க. எங்களுக்கு முன்னாடி வரிசை. பேசிக்கிட்டே இருந்தா. இந்த பெஞ்சு ஆடுது, அந்த நர்ஸுக்குச் சிரிக்கவே தெரியலைன்னு. திடீர்னு பேச்சு நின்னுச்சு. தூங்கிட்டான்னு நெனச்சேன். ஆனா அவ எந்தப் பேச்சையும் பாதியில விட்டதே கிடையாது தம்பி. அதுல தெரிஞ்சுக்கிட்டேன்."

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. படியில் உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து சாவியின் அட்டை வெளியே எட்டிப்பார்த்தது. அவர் அதைப் பார்த்தார்.

"சாவியா?"

"ஆமா."

கையை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. பங்கேற்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் சாவி கைமாறலாம். "ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்," என்றேன். அவர் நீட்டிய கையைத் திருப்பி, தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். வேறெதற்கோ நீட்டியதைப் போல.

தெருமுனைக்குப் போய்ப் பேராசிரியருக்குப் போன் செய்தேன். அவர்தான் ஆய்வின் தலைவர். விஷயத்தைச் சொன்னேன்.

"எப்ப?"

"நேத்து சாயங்காலம் சார்."

"சாவி?"

"இன்னிக்குக் காலையிலதான் வந்தது."

அவர் மெதுவாகக் கேட்டார்: "நேத்து சாயங்காலமா, இன்னிக்குக் காலையிலயா? உனக்குச் சரியாத் தெரியுமா?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. சாவி எங்கள் கைக்கு வந்த பிறகு பங்கேற்பாளர் இறந்தால் உடனிருப்பவர் அந்த அறையில் தொடரலாம். முன்னால் இறந்தால் அறை திரும்பிவிடும். அடுத்தவருக்குப் போகும். எங்கள் ஆய்வில் மரணத் தேதியைக் கள ஆய்வாளர் எழுதுவதுதான். ஆஸ்பத்திரித் தாளை யாரும் கேட்பதில்லை. கதவு சாத்தப்படாமல் கொஞ்சம் திறந்திருக்கிறது என்று பேராசிரியர் காட்டினார். ஒரு சொல் போதும்.

"நேத்து சாயங்காலம் சார். சரியாத் தெரியும்," என்றேன்.

"சரி," என்றார். "ஆபீஸுக்கு வா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் மனைவி இரவு பதினொரு மணிவாக்கில் இறந்தாள். டாக்டர் விடிந்த பிறகு வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அதனால் சான்றிதழில் மறுநாள் தேதி. அதைத் திருத்தச் சொல்லி ஆஸ்பத்திரிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் அலைந்தேன். "ஒரு நாள்தானேடா, விட்டுத் தொலை," என்றாள் என் அக்கா. ஒரு நாள்தான். ஆனால் அவள் இல்லாத ஒரு நாளை அவள் கணக்கில் எழுதியிருந்தார்கள். அன்று காலை நான் அவளுடைய செருப்பை ஒரு பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவள் உயிரோடு இருந்தாள் என்கிறது தாள். திருத்தி வாங்கும்வரை எனக்குத் தூக்கம் இல்லை.

இறந்த தேதியில் கை வைக்க என்னால் முடியாது. அவ்வளவுதான்.

அலுவலகத்தில் பேராசிரியரும் எங்கள் புள்ளியியல் அக்காவும் காத்திருந்தார்கள். அக்காவுக்குப் பட்டப்பெயர் தசமம். எதையும் முழு எண்ணாக்க விடமாட்டார். டீ வேண்டுமா என்று கேட்டால் "பூஜ்யம் புள்ளி அஞ்சு" என்பார். அன்று டீ கேட்கவில்லை.

"விதி நான் போட்டது இல்லப்பா," என்றார் பேராசிரியர். "பணம் குடுக்கிறவங்க போட்டது. அறை திரும்பிடும்."

"அவர் அவங்க புருஷன் சார்."

"எனக்குத் தெரியும். ஆனா நம்ம பதிவுல அவர் ஒரு ஆளே இல்ல. உடனிருப்பவர். இருக்கிறவங்க போயிட்டா, உடனிருக்க என்ன இருக்கு?" சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பேசறது எனக்கே நல்லா இல்ல."

"அந்தம்மா எந்தக் குழுவுல வருவாங்க?" என்று அக்காவைக் கேட்டேன்.

"அறைக் குழு."

"அவங்க அறையைக் கண்ணாலகூடப் பாக்கலையேக்கா."

"குலுக்கல்ல எங்க விழுந்தாங்களோ கடைசி வரைக்கும் அங்கதான். அப்படி வைக்கலைன்னா ஆளாளுக்கு இஷ்டப்பட்ட பக்கம் தள்ளி விட்டுடுவாங்க. அறிக்கையில 'அறைக் குழு, மரணம், ஒன்று'ன்னு வரும்." பேனாவை மூடினார். "முழு எண்."

பேராசிரியர் ஒரு வழி சொன்னார். லிப்ட்காரரைப் புதிய பங்கேற்பாளராகச் சேர்க்கலாம். அவரே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகு குலுக்கல். அறை விழுந்தால் அதே அறையைக் கொடுத்துவிடலாம். வெள்ளிக்கிழமை வரை உரிமையாளர் காத்திருப்பார்.

மறுநாளே போனேன். லிப்ட்காரர் படியின் மேல்விளிம்பில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தலையாட்டினார்.

கேள்விகளை ஆரம்பித்தேன். போன தடவை கேட்ட அதே கேள்விகள். எத்தனை வருடமாகத் தெருவில்? கடைசி வேலை எது? உடம்புக்கு முடியாமல் போனால் எங்கே போவீர்கள்? ஒவ்வொன்றுக்கும் பக்கத்துப் பையைப் பார்ப்பார். பிறகு ஒரு சொல். "ஆமா." "இல்ல." "தெரியல."

"அவ சொல்லியிருப்பாளே," என்றார் ஓரிடத்தில். "அதையே எழுதிக்கக் கூடாதா?"

"கூடாது. உங்க பதில்தான் வேணும்."

"என் பதிலும் அதான் தம்பி."

அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கும் அவர் பையைத்தான் பார்த்தார். நான் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். அடுத்தது திருமண நிலை. மணமானவர், மணமாகாதவர், பிரிந்து வாழ்பவர், துணையை இழந்தவர். நான்கையும் வாசிக்க வேண்டும். மூன்றாவதோடு என் குரல் நின்றுவிட்டது. நான்காவதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அலுவலகத்தில் என் சொந்தப் பதிவில்கூட தசமம் அக்காதான் மாற்றினார்.

லிப்ட்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொண்ணு இருக்குமே," என்றார்.

"இருக்கு."

"அதைப் போட்டுக்கங்க." சிறிது கழித்து, "உங்களுக்கும் அதானா?" என்று கேட்டார்.

"ஆமா. போன வருஷம்."

"அவகிட்ட சொல்லலையே நீங்க. சொல்லியிருந்தா அன்னிக்கு உங்களை விட்டிருக்கவே மாட்டா. ராத்திரி வரைக்கும் பேசியே அழ வச்சிருப்பா."

கடைக்காரர் ஒருவர் வந்து அவருக்கு டீ வைத்துவிட்டுப் போனார். "இந்தாய்யா, ரேடியோ இல்லாம தெருவே செத்துக் கெடக்கு," என்றார் போகும்போது. லிப்ட்காரர் எனக்குப் பாதி ஊற்றிக் கொடுத்தார். குடித்தோம். மீதிக் கேள்விகளை முடித்தேன்.

அன்று பிற்பகலே தசமம் அக்காவின் அறையில் குலுக்கல். திரையில் பதிவெண்ணை அடித்து ஒரு பொத்தானை அழுத்துவார். ஒரு நொடிகூட ஆகாது. காத்திருப்புக் குழு என்று வந்தது.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னொரு தடவை அக்கா," என்றேன்.

"கேக்காத."

"ஒரே ஒரு தடவை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டாவது தடவை அழுத்திட்டா அப்புறம் நூறு தடவை அழுத்தலாம். நாளைக்கு ஒரு அதிகாரி, நீங்க உங்களுக்குப் பிடிச்சவங்களுக்குக் குடுத்துட்டு வித்தியாசம் வித்தியாசம்னு கத்துறீங்கன்னு சொன்னா, மொத்தமும் போச்சு. காத்திருக்காங்களே இத்தனை பேர், அவங்க சும்மா காத்திருந்ததா ஆயிடும்டா. மழையில, வெயில்ல, சும்மா."

நான் எழுந்தேன்.

"நேத்து சார் போன்ல கேட்டப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன்," என்றார் என் முதுகுக்குப் பின்னாலிருந்து. "நீ வேற மாதிரி சொல்லுவேன்னு நெனச்சேன்."

"அதுவும் பொய்தானேக்கா."

"பொய்தான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆனா அது ஒரு ஆளுக்காகச் சொல்ற பொய். நான் திரும்பி உக்காந்திருப்பேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. தேதியை மாற்றுவதும் குலுக்கலை மறுபடி அழுத்துவதும் ஒரே அளவு பொய்தான். ஆனால் அக்கா ஒன்றைச் செய்யமாட்டார், இன்னொன்றைக் கண்டுகொள்ளாமல் விடுவார். நான் இரண்டையும் தலைகீழாகக் கேட்டிருந்தேன். என் பங்குக்கு வந்ததைச் செய்யாமல், அவர் பங்கைச் செய்யச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை லிப்ட்காரரிடம் சொன்னேன். "குலுக்கல்ல வரலை."

"சரி தம்பி."

"அடுத்த வருஷம் பணம் ஒதுக்கினா, காத்திருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல."

"சரி." சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த ரூமை ஒரு தடவை பாக்கலாமா?" என்றார்.

காத்திருப்புக் குழுவினருக்கு அறையைக் காட்டக்கூடாது. அதுவும் கையேட்டில் இருக்கிறது. சாவி என்னிடம்தான் இருந்தது. மாலைக்குள் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். "வாங்க," என்றேன். அவர் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். பைகளைச் சுவரோரம் சேர்த்துவைத்துவிட்டு வந்தார். பேருந்தில் போனோம்.

கட்டடம் நான்கு மாடி. அறை நாலாவது மாடியில். கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"லிப்ட் இல்லையா?"

"இல்ல."

"அதான் எனக்கு விழலை போல," என்றார். அவர் சொன்ன முதல் நகைச்சுவை. எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குமுன் எப்போது சிரித்தேன் என்று யோசித்துக்கொண்டே படியேறினேன்.

சின்ன அறை. சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லை. மூலையில் ஒரு சிமெண்டுத் தொட்டி, அதன்மேல் புதுக் குழாய். ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கழிவுநீர்க் குழாய். லிப்ட்காரர் குழாயைத் திறந்து பார்த்தார். மூடினார். மின்விசிறியைப் போட்டார். அணைத்தார். பிறகு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

"நீங்களும் உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"அவ இந்நேரம் சண்டைக்கு வந்திருப்பா. என்ன தம்பி, ஜன்னலைத் தொறந்தா சுவரு முகத்துல அறையுதேன்னு. உங்களைத்தான் பிடிச்சிருப்பா." கண்ணை மூடிக்கொண்டார். "சாயங்காலம் அந்தச் சுவருக்குப் பின்னாடி யார் யார் குடியிருக்காங்கன்னு மொத்தக் கதையும் வந்திருக்கும்."

அப்போது படியில் பேச்சுக் குரல் கேட்டது. அடுத்த குலுக்கலில் அறை விழுந்த அம்மா நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பழைய காய்கறிச் சந்தைக்குப் பின்னால் பெண்பிள்ளையோடு இருந்தவர். தலையில் ஒரு மூட்டை. இடுப்பில் பிளாஸ்டிக் குடம். பிள்ளை கையில் ஒரு தலையணை. கதவு திறந்திருப்பதையும் உள்ளே ஒருவர் தரையில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"சார், இது எனக்குன்னாங்களே? இவருக்குக் குடுத்துட்டீங்களா? வாசப்படி வரைக்கும் வர வச்சுட்டு இப்படிப் பண்ணலாமா சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் லிப்ட்காரர் எழுந்துவிட்டார்.

"உங்க ரூம்தான்மா. குழாய் சரியா இருக்கான்னு பாக்க வந்தேன். தண்ணி நல்லா வருது. வாங்க, அதைக் குடுங்க." மூட்டையை அவர் தலையிலிருந்து இறக்கி உள்ளே வைத்தார். "விசிறியும் ஓடுது. ஜன்னலை மட்டும் ராத்திரி சாத்திக்கங்க, கொசு வரும்."

அந்த அம்மாவுக்கு மூச்சு திரும்பியது. "பயந்தே போயிட்டேன்ணா," என்றார். "நல்லா இருங்க."

கையெழுத்து வாங்கினேன். சாவியைக் கொடுத்தேன். நாங்கள் இறங்கும்போது மேலே கதவு சாத்தும் சத்தமும் தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டன. பிள்ளை தாழ்ப்பாளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. இரண்டாவது மாடி வரை கேட்டது.

வங்கி வாசலுக்குத் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலில் வேறொருவன் படுத்திருந்தான். நடுவயதுக்காரன். நீலத் தார்ப்பாயை விரித்து, நான்கு மூலைக்கும் செங்கல் வைத்திருந்தான். லிப்ட்காரரின் பைகள் படிக்குக் கீழே நடைபாதையில் இருந்தன. ஒழுங்காகத்தான் வைத்திருந்தான்.

"ஆளில்லைன்னு நெனச்சேன்," என்றான் அவன், எழுந்திருக்காமல். "காலியா இருந்துச்சு."

கணவனும் மனைவியும் சேர்ந்தாற்போல எங்கேயும் போனதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவர் போனால் ஒருவர் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மாலை மட்டும், கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இன்று நான் பேருந்தில் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

"நான் பேசறேன்," என்றேன்.

"வேணாம் தம்பி. அவன் எங்க போவான்?"

ஆளுக்கொரு பையை எடுத்துக்கொண்டோம். பின்தெருவில் நடந்தோம். ஒரு மருந்துக் கடை வாசலில் காவலாளி தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். ஒரு பள்ளிக்கூடச் சுவரோரம் இடமிருந்தது, சாக்கடை உடைந்திருந்தது. பார்சல் அலுவலகத்தின் பின்பக்கம் வண்டி நிறுத்தும் மேடை ஒன்று. மேலே தகரம் ஒரு முழம் நீண்டிருந்தது. காலை நீட்டினால் கால் வெளியே போகும். அங்கே பையை இறக்கினார்.

"எங்க வீட்டுக்கு வாங்க," என்றேன்.

கையேடு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். ஒரு வீட்டுக் கூரைக்குக் கீழே தங்கிவிட்டால் அவர் ஆய்வில் இல்லை. சொல்லட்டும் என்றிருந்தது. எனக்கு இரண்டு அறை. படுக்கையறையை நான் திறப்பதில்லை. கூடத்தில் சோபாவில்தான் தூங்குகிறேன்.

"வீட்ல யாரு இருக்கா?"

"நான் மட்டும்தான்."

அவர் போர்வையை உதறினார். "அப்ப வேணாம் தம்பி. நானும் பேசமாட்டேன். நீங்களும் பேசமாட்டீங்க. ரெண்டு ஊமை ஒரு வீட்டுல இருந்தா அது வீடா? இங்கயாவது வண்டிச் சத்தம் இருக்கு."

போர்வையை விரித்தார். ஒரு பையைத் தலைக்கு வைத்துக்கொண்டார். இன்னொன்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். அது அவருடைய பை அல்ல என்பது அப்போதுதான் புரிந்தது.

அங்கேயே கிளம்பியிருக்கலாம். கிளம்ப முடியவில்லை.

"ஒண்ணு சொல்லணும்," என்றேன். "அம்மா இறந்ததை ஒரு நாள் தள்ளி எழுதியிருந்தா அந்த ரூம் உங்களுக்கே கிடைச்சிருக்கும். திங்கக்கிழமைன்னு எழுதியிருந்தா போதும். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. எங்க சாரே கேட்டாரு, சரியாத் தெரியுமான்னு. நான்தான் ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. கணக்கு ஒன்று புரியாத மாதிரி பார்த்தார்.

"ஏன் தம்பி?"

என் மனைவியின் சான்றிதழைப் பற்றிச் சொன்னேன். பதினொரு மணி. விடிந்து வந்த டாக்டர். திருத்தி வாங்கியது. சொல்லச் சொல்ல, அது இன்னொரு ஆளுக்குச் சொல்லக்கூடிய காரணமாக இல்லை. வீட்டுக்குள் எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போது இருந்த கனம் அந்த மேடையில் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

லிப்ட்காரர் கையிலிருந்த பையைச் சுவருக்கும் தனக்கும் நடுவில் வைத்தார்.

"எழுதியிருக்கலாமே தம்பி," என்றார். "ஒரு நாள் கூட இருந்தான்னு எழுதினா, அவ கோச்சுக்கவா போறா?"

நான் அந்தப் பையைப் பார்த்தேன்.

"சந்தோஷப்பட்டிருப்பா," என்றார். பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். முழங்காலை மடக்கியும் பாதம் தகரத்துக்கு வெளியேதான் இருந்தது.

பார்சல் வண்டி ஒன்று பின்னோக்கி வந்து மேடையை ஒட்டி நின்றது. ஆட்கள் பெட்டிகளை இறக்கினார்கள். ஒருவன் அவரைத் தாண்டிக் கால் வைத்துப் போனான். அவர் அசையவில்லை. மூன்று மாதம் கழித்து இதே கேள்விகளோடு நான் வர வேண்டும். தேடிக் கண்டுபிடிக்க வசதியாக இடத்தின் அடையாளத்தைக் குறித்துக்கொண்டேன். பார்சல் அலுவலகம், பின்பக்கம், தகரம்.

நிறுத்தத்துக்கு நடந்தேன். பேருந்து வந்தது. ஏறவில்லை. அடுத்ததில் ஏறினேன்.